உபகாரச் சம்பளம் முதல் கல்விக் கடன் வரை

ஜூன் மாதம் பிறந்துவிட்டால், தமிழ்நாட்டை விட்டுத் தொலைவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரே பேச்சுத்தான். மகனோ மகளோ பன்னிரண்டாம் வகுப்புத் தேறியாயிற்று. கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. பணத்துக்கு என்ன செய்வது? மும்பையின் தாராவியிலும், டில்லியின் கரோல்பாகிலும், ஜாம்ஷெட்பூரிலும், பெங்களூரின் அல்சூரிலும் தாயும் தந்தையும் ஒரு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு கணக்கெழுதிப் பார்க்கிறார்கள். கட்டணம் இவ்வளவு, விடுதிக்கு இவ்வளவு, புத்தகத்துக்கு இவ்வளவு என்று ஒரு பக்கம் நீளுகிறது. மறுபக்கத்தில் கையிருப்பு மட்டும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவது?

இந்தக் கேள்வி புதியதன்று. கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக் கழகங்கள் தோன்றிய 1857ஆம் ஆண்டு முதற்கொண்டே இந்தியக் குடும்பங்கள் இதைக் கேட்டு வந்திருக்கின்றன. இடையில் விடை மட்டும் மாறி மாறி வந்திருக்கிறது. முதலில் அது கொடையாக இருந்தது. பின்னர் ஓரளவுக்கு உரிமையாயிற்று. அதன் பிறகு கடனாக வளர்ந்தது. உதவி எந்த உருவில் வந்தாலும், கொடுப்பவர் வாங்குபவரிடம் ஏதேனும் ஒன்றைக் கேட்கவே செய்தார். இன்று நாம் நிரப்பும் விண்ணப்பத் தாளில் காணும் கேள்விகள் அவ்வாறு பிறந்தவையே. அவற்றின் வரலாற்றை அறிந்துகொண்டால், எந்தக் கதவை முதலில் தட்டுவது என்பது ஓரளவு விளங்கும்.

மாணாக்கனுக்குச் சோறிட்டுக் கற்பிப்பது நம் நாட்டில் பழைய வழக்கம். முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், எண்ணாயிரம் என்னும் ஊரில் கோயிலைச் சார்ந்து நடைபெற்ற கல்லூரியில் 340 மாணாக்கர் பயின்றனர் என்று கல்வெட்டு கூறுகிறது. அவர்களுள் 270 பேர் இளையோர். 70 பேர் மேற்படிப்பினர். ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் நெல் அளந்து கொடுக்கப்பட்டது; மேற்படிப்பினருக்கு அளவு சற்றுக் கூடுதல். கட்டணம் என்ற பேச்சே அங்கில்லை. ஆனால் அங்கே கற்பிக்கப்பட்டது பெரும்பாலும் வேதக் கல்வி. அந்த நெல்லும் அக் கல்விக்கு உரியோர் என்று கருதப்பட்டவர்களுக்கு மட்டுமே சென்றது. உழுது நெல் விளைவித்தவன் மகன் அந்தப் பந்தியில் உட்கார்ந்ததில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் நிலைமை வேறாயிற்று. 1854ஆம் ஆண்டு வெளிவந்த சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை, அரசு மானியம் பெறும் பள்ளிகள் சிறு தொகையேனும் கட்டணமாக வாங்க வேண்டும் என்று வற்புறுத்தியது. தாழ்ந்த நிலைப் பள்ளியில் சிறந்து விளங்கும் மாணவர்கள் மேல்நிலைப் பள்ளிக்குச் செல்ல உதவித்தொகை அளிக்க வேண்டும் என்றும் அதே அறிக்கை சொல்லிற்று. கட்டணமும் உதவித்தொகையும் ஒரே காகிதத்திலிருந்து கிளம்பிய இரட்டைப் பிள்ளைகள் எனலாம். தமிழிலும் அதற்கேற்ப ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. மாணவன் பள்ளிக்குக் கட்டிய தொகைக்கும் ‘சம்பளம்’ என்றே பெயர். பாதி விலக்குப் பெற்றவன் அரைச் சம்பளப் பையன். மாணவனுக்கு வெளியிலிருந்து வந்த தொகைக்கோ ‘உபகாரச் சம்பளம்’ என்று பெயர் வந்தது. கொடுப்பவருடைய நல்ல மனமே அதன் அடிப்படை என்பதை அந்த ‘உபகாரம்’ என்ற சொல்லே காட்டிவிடுகிறது.

அந்நாளில் குடும்பங்களை வாட்டியது கல்லூரிக் கட்டணம் மட்டுமன்று. கல்லூரிகள் சில நகரங்களில்தான் இருந்தன. கிராமத்துப் பையன் நகரத்தில் எங்கே தங்குவது, எங்கே உண்பது? இதற்கு விடையாக வந்ததே வாரச் சாப்பாடு. ஏழு வீட்டார் ஒப்புக்கொண்டால் ஏழு நாளும் கவலையில்லை; திங்கட்கிழமை ஒரு வீடு, செவ்வாய்க்கிழமை மற்றொரு வீடு என்று முறை வைத்துப் பையன் உண்பான். மராத்தி நாட்டிலும் கன்னட நாட்டிலும் இதே வழக்கம் இருந்தது. வக்கீல்களாகவும் ஆசிரியர்களாகவும் பின்னர் பெயர் பெற்ற பலர் அவ்வாறு வீடு வீடாக உண்டு படித்தவர்களே. எனினும் இந்த அன்னமும் குலம் பார்த்தே இடப்பட்டது. எந்தத் திண்ணையிலும் ஏற முடியாதவனுக்கு வாரத்தில் ஏழு நாளும் பட்டினிதான்.

தனி வீடுகள் செய்ததைப் பெரிய அளவில் செய்தவை அறக்கட்டளைகள். 1794இல் மறைந்த பச்சையப்ப முதலியாரின் உயில், அறங்களுக்கென்று பெருஞ்செல்வத்தை விட்டுச் சென்றது. நெடுங்காலம் வழக்கில் கிடந்து வளர்ந்த அந்தப் பணத்தின் ஒரு பகுதியைக் கொண்டே 1842இல் சென்னையில் பச்சையப்பன் பள்ளி திறக்கப்பட்டது. அதுவே 1889இல் கல்லூரியாயிற்று. 1905இல் சென்னையில் தோன்றிய இராமகிருஷ்ண மாணவர் இல்லம் ஏழை மாணவர்க்கு உணவும் உறைவிடமும் தந்தது. கோலாப்பூரில் ஷாஹு மகாராஜா 1901 முதல் பல சமூகத்து மாணவர்க்கும் விடுதிகள் ஏற்பட வழி செய்தார். நகரத்தில் தலைசாய்க்க இடமில்லாதவனுக்குக் கட்டண விலக்கு மட்டும் பயன்படாது என்பதை அவர் கண்டுகொண்டார். அதே மராத்தி நாட்டில், 1919இல் ரயத் சிக்ஷண சன்ஸ்தாவைத் தொடங்கிய பாவுராவ் பாட்டீல், உழைத்துக்கொண்டே படிக்கும் முறையை வகுத்தார். மாணவன் தோட்டத்திலும் கட்டட வேலையிலும் உழைத்துத் தன் படிப்புச் செலவை ஈட்டினான். கொடைக்கும் கடனுக்கும் அப்பால் மூன்றாவது வழியொன்று உண்டு என்று காட்டியவர் அவர்.

கொடை குலத்தைக் கேட்டது என்றோம், மதிப்பெண்ணையும் கேட்டது. ஸ்ரீனிவாச ராமானுஜனின் கதையை இங்கே நினைக்காமலிருக்க முடியாது. அவர் தந்தை கும்பகோணத்தில் துணிக்கடையொன்றில் கணக்கெழுதியவர். 1904இல் உபகாரச் சம்பளத்தோடு அவ்வூர் அரசினர் கல்லூரியில் சேர்ந்த ராமானுஜன், கணக்கிலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டார். உபகாரச் சம்பளம் நின்றுபோயிற்று. 1906இல் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் தேறவில்லை. பின்னர் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை பார்த்தார். 1913இல்தான் சென்னைப் பல்கலைக் கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. அடுத்த ஆண்டு அவர் இங்கிலாந்து செல்ல ஆண்டுக்கு 250 பவுன் வழங்கியது. அதில் ஒரு பகுதி ஊரிலிருந்த குடும்பத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. பட்டமில்லாத ஒருவருக்கு விதியைத் தளர்த்தி உதவியவர்கள் பாராட்டுக்குரியவர்கள். ஆனால் அறிவாளி ஒருவன் தப்பிப் பிழைப்பது யாரோ சிலருடைய நல்லெண்ணத்தைப் பொறுத்தது என்னும் நிலை எவ்வளவு அச்சம் தருவது!

அந்த நிலையை மாற்றப் பாடுபட்டவர்களுள் முதன்மையானவர், தாமே கொடையால் கற்றவர். டாக்டர் அம்பேத்கர் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்தபோது, பரோடா மன்னர் சாயாஜி ராவ் கெயிக்வார் மாதம் 25 ரூபாய் அளித்தார். 1913இல் அமெரிக்கா சென்று கொலம்பியாப் பல்கலைக் கழகத்தில் படிக்க, மூன்றாண்டுகளுக்கு மாதம் பதினொன்றரைப் பவுன் தந்தார். அதற்கு ஈடாகப் பத்தாண்டு பரோடா அரசில் வேலை செய்வதாக அம்பேத்கர் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். உதவிக் காலம் முடிந்ததும், லண்டனில் தொடங்கிய படிப்பைப் பாதியில் நிறுத்தி 1917இல் திரும்ப நேர்ந்தது. பரோடாவில் வேலை கிடைத்தது. தங்குவதற்கு ஒரு வீடு கிடைக்கவில்லை. தீண்டாமை அவரை அங்கிருந்து துரத்தியது. 1920இல் மீண்டும் லண்டன் சென்றபோது, சொந்தச் சேமிப்பும், கோலாப்பூர் மகாராஜாவின் உதவியும், நண்பர் ஒருவர் கொடுத்த கடனும் சேர்ந்தே அவரைக் கரை சேர்த்தன. இன்றும் ஒரு நடுத்தரக் குடும்பம் கல்லூரிச் செலவைத் திரட்டும் விதம் ஏறக்குறைய இதுதான்.

1942இல் வைசிராயின் நிர்வாக சபையில் உறுப்பினரானதும், தாழ்த்தப்பட்டோரின் குறைகளை விளக்கி அம்பேத்கர் ஒரு நீண்ட விண்ணப்பம் எழுதினார். அதன் பயனாக ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் கல்விக்கென்று ஒதுக்கப்பட்டது. 1944இல் பட்டியல் சாதி மாணவர்க்கு, மெட்ரிகுலேஷனுக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகை தொடங்கியது. சில ஆண்டுகளில் பழங்குடியினரும் அதில் சேர்க்கப்பட்டனர். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் 46ஆம் பிரிவு, நலிந்த மக்களின் கல்வி நலனைப் பேணுவது அரசின் கடமை என்று கூறியது. இதன் பொருள் ஆழமானது. தகுதியுள்ள மாணவன் இனி எந்தப் பெருமனிதருடைய வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. குறித்த நிபந்தனைகள் நிறைவேறினால் தொகை அவனைச் சேரவேண்டும். உபகாரம் உரிமையாகும் பாதையில் அது முதற்படி. சாதி எல்லைக்கு அப்பால், திறமையும் ஏழ்மையும் ஒருங்கே உள்ளவர்களுக்காக 1961இல் தேசிய உதவித்தொகைத் திட்டமும் வந்தது.

கடன் என்பது இந்த வரலாற்றில் பிந்தி வந்த அயலான் அன்று. 1892இலேயே ஜம்ஷெட்ஜி டாட்டா, வெளிநாடு சென்று உயர்கல்வி பெறுவோருக்குக் கடனாக உதவும் அறநிதி ஒன்றை நிறுவினார். ஒருவர் திருப்பிக் கொடுத்த பணம் அடுத்தவருக்குப் பயன்படும் என்பது அதன் தத்துவம். திருவிதாங்கூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, கட்டணம் கட்ட முடியாமல் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்ட கே. ஆர். நாராயணன், 1945இல் டாட்டா உதவியைக் கொண்டே லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குச் சென்றார். 1997இல் அவர் குடியரசுத் தலைவரானார்.

மத்திய அரசும் 1963இல் தேசியக் கடன் உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. வட்டியில்லை, வேலை கிடைத்த பின் சிறு தவணைகளாகக் கட்டலாம், ஆசிரியத் தொழிலை மேற்கொண்டால் ஆண்டுதோறும் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி. கருத்து சிறந்ததுதான். ஆயினும் கொடுத்த தொகையில் பெரும்பகுதி திரும்பி வரவில்லை. படித்து முடித்தவன் வேலை தேடி ஊர் ஊராகச் சென்றான். பழைய முகவரிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தது அலுவலகம். 1990களின் தொடக்கத்தில் அத்திட்டம் முடிவுக்கு வந்தது.

அதே காலத்தில் தனியார் பொறியியல், மருத்துவக் கல்லூரிகள் பெருகின. 1993இல் உச்ச நீதிமன்றம் அக்கல்லூரிகளின் இடங்களில் பாதியைக் குறைந்த கட்டணத்துக்கும், பாதியை உயர்ந்த கட்டணத்துக்கும் பிரித்து ஓர் ஏற்பாடு செய்தது. 2002இல் மற்றொரு தீர்ப்பு அந்த ஏற்பாட்டை நீக்கியது. கட்டணம் உயர்ந்தது, குடும்பச் சேமிப்பு அதனோடு போட்டியிட முடியவில்லை. இந்த இடைவெளிக்குள் வந்தவை வங்கிகள். 2001இல் இந்திய வங்கிகள் சங்கம் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தை வகுத்தது. 4 லட்சம் ரூபாய் வரை ஈட்டுப் பொருள் கேட்கப்படவில்லை. படிப்புக் காலத்தில் தவணை கட்ட வேண்டியதில்லை. 2009இல், ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்கு மேற்படாத குடும்பங்களின் பிள்ளைகள் தொழிற்கல்வி கற்கும் காலத்துக்கு வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் வந்தது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த வித்யாலட்சுமித் திட்டம், தேர்ந்தெடுத்த உயர்கல்வி நிலையங்களில் இடம் பெற்றோர்க்கு ஈடும் ஜாமீனும் இன்றிக் கடன் தர வகை செய்தது. குடும்ப வருமானம் 8 லட்சம் வரையிலானால், 10 லட்சம் வரையுள்ள கடனுக்கு வட்டியில் 3 சதவீதச் சலுகையும் அளித்தது. இங்கே ஒரு குறிப்பு அவசியம். தவணை கட்ட வேண்டாத காலம் வேறு, வட்டி ஏறாத காலம் வேறு. அரசு வட்டியை ஏற்காத கடனில், மாணவன் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே வட்டி ஏறிக்கொண்டிருக்கும்.

வேற்று மாநிலத்தில் வாழும் தமிழர்க்கு இந்த வரலாற்றில் தனியே ஓர் அத்தியாயம் உண்டு. ஆந்திரத்திலிருந்து மத்திய அரசு நிறுவனமொன்றின் வேலை காரணமாகப் பம்பாய்க்கு வந்த ஒருவருடைய மகன், ஒன்பது வயது முதல் அந்நகரிலேயே வளர்ந்தான். அவனுடைய சமூகம் ஆந்திரத்தில் பழங்குடிப் பட்டியலில் இருந்தது. மகாராஷ்டிரத்து மருத்துவக் கல்லூரியில் அந்த ஒதுக்கீட்டில் இடம் கேட்டபோது மறுக்கப்பட்டது. 1990இல் உச்ச நீதிமன்றம், பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியே வகுக்கப்பட்டதாகையால், ஒரு மாநிலத்தில் உள்ள தகுதி மற்றொரு மாநிலத்துக்குத் தானே கூட வாராது என்று தீர்ப்பளித்தது. 1944இல் தொடங்கிய உதவித்தொகையும் இதே வழியில் செல்கிறது. மாணவன் எந்த மாநிலத்தில் படித்தாலும், அவன் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவனோ அந்த மாநிலமே அதை வழங்கவேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டுத் திட்டங்களிலும் இத்தகைய வேலி உண்டு. கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தர 2022இல் தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டம், தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்திருப்பதை நிபந்தனையாகக் கொண்டு பிறந்தது. தாராவியில் பள்ளிப் படிப்பை முடித்த தமிழ்ப் பெண்ணுக்கு அதன் கதவு திறக்கவில்லை.

ஆக, பழைய கொடை குலத்தைக் கேட்டது. பின்னர் வந்த உரிமை ஊரைக் கேட்கிறது. கடனோ இரண்டையும் கேளாமல் வட்டியைக் கேட்கிறது. ஊர் விட்டு ஊர் வந்த குடும்பம் ‘நீ எவ்வூரான்?’ என்ற கேள்விக்கு விடை சொல்ல இயலாமல், எளிதில் கிடைக்கும் கடனிடமே முதலில் போய்விடுகிறது. தனக்குரிய உரிமை சொந்த மாநிலத்து அலுவலகம் ஒன்றில் கேட்பாரற்றுக் கிடப்பதை அது அறிவதில்லை. இழப்பு இங்கேதான் நேருகிறது.

முன்னோர் இந்நிலைக்குக் கைகட்டி நிற்கவில்லை. டில்லியில் குடியேறிய தென்னாட்டார் 1923இல் தங்கள் பிள்ளைகளுக்கென்று கல்விச் சங்கம் கண்டனர். அதுவே இன்றைய டில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக வளர்ந்தது. பம்பாய் மாதுங்காவில் 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. 1960இல் கல்லூரியும் கண்டது. அரசு தரும் உதவி வந்து சேரும் வரை காத்திராமல், சேர்ந்து நின்று ஒரு வாசலைத் திறந்தவர்கள் அவர்கள்.

இவ்வரலாறு ஒரு குடும்பத்துக்குச் சொல்லும் புத்தி எளியது. திருப்பிக் கொடுக்க வேண்டாத உதவியை முதலில் தேடவேண்டும். சாதி, வருமானம், இருப்பிடம் ஆகியவற்றுக்கான சான்றிதழ்களைப் பன்னிரண்டாம் வகுப்புத் தொடங்கும்போதே திரட்ட வேண்டும். முடிவு வெளியான பிறகு ஊருக்குப் புறப்பட்டால் காலம் போதாது. தந்தை பெற்ற பழைய சாதிச் சான்றிதழைக் காட்டி, வாழும் மாநிலத்திலேயே புலம்பெயர்ந்தோர்க்குரிய சான்றிதழ் பெற மத்திய அரசின் விதி இடமளிக்கிறது. அது மத்திய அரசின் சலுகைகளுக்கும் சொந்த மாநிலச் சலுகைகளுக்கும் உதவும். வாழும் மாநிலத்தின் சலுகைக்கு உதவாது. அடுத்து, கல்லூரியே தரும் கட்டண விலக்கையும் அறக்கட்டளைகளின் உதவியையும் கேட்டறிய வேண்டும். அவ்வாறு கிடைத்தவை போக எஞ்சிய தொகைக்கு மட்டும் கடன் வாங்குவது நல்லது. அதிலும் வட்டியை யார் ஏற்பார், எந்நாளில் தவணை தொடங்கும் என்பதைக் கையெழுத்திடும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

உதவி கேட்பதை இழிவாக எண்ணும் பெற்றோர் இன்னும் உண்டு. ஏழு வீட்டில் உண்டு படித்தவனும், ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துக் கடல் கடந்தவனும், கடன் வாங்கிப் படித்துக் குடியரசின் தலைமை ஏற்றவனும் உதவி கேட்டவர்களே. இன்று அரசு தரும் உதவித்தொகை, அவர்களைப் போன்றவர்கள் பட்ட பாட்டினால் நமக்கு வந்து சேர்ந்த சொத்து. அந்தச் சொத்துக்குரிய பத்திரம் பழைய பெட்டியில் மடித்துக் கிடக்கும் ஒரு சான்றிதழாக இருக்கலாம். ஜூன் மாதம் வருமுன் அதை எடுத்துத் தூசி தட்டி வைப்பது பெற்றோர் கடமை.